சுளுக்கு ஆறிய காலுக்குக் கூடைப்பந்து ஷூ: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கணுக்கால் மடங்கி ஒன்றரை மாதம் கட்டோடு உட்கார்ந்திருந்தவர், மறுபடி ஆடலாம் என்ற எண்ணம் வந்ததும் முதலில் போவது ஷூக் கடைக்குத்தான். நானும் அப்படித்தான் போனேன். கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, அதாவது ரீபவுண்டுக்கு, எழும்பி இறங்கியபோது இடது கால் அடுத்தவர் பாதத்தின் மீது விழுந்து பிரண்டதில், வெளிப்புற ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. ஏழு வாரம் கழித்து மதுரையில் ஒரு கடையில் நின்றபோது, "ஹை கட் போட்டுக்குங்க சார், காலு மடங்கவே மடங்காது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே ஏறி நிற்கும் ஷூ ஒன்றை, கட்டுத்துணிக்கும் இடம் வேண்டுமே என்று ஓர் அளவு பெரியதாகவே வாங்கினேன். மூன்றாம் நாள், யாருடைய காலும் குறுக்கே வராமலே, வெறும் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் திரும்பும்போது அதே கால் மறுபடி மடங்கியது.

அந்த ஷூவில் உற்பத்திக் குறை எதுவும் இல்லை. தேர்ந்தெடுத்த நான்தான் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பொருளைத் தேடினேனே தவிர, பாதத்தின் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளில் நானும் எங்கள் கோர்ட்டுக்கு வருகிறவர்களும் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் முதலில் லேஸ், பிறகு சாக்ஸ், பிறகு இன்சோல் (ஷூவுக்குள் பாதத்தின் அடியில் கிடக்கும் மெத்தை), பிறகு ஆங்கிள் கார்டு (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காப்பு), கடைசியில் புது ஷூ என்று செலவில்லாத இடத்திலிருந்து தொடங்குங்கள். பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் லேஸிலேயே தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஷூவைத் தொடுமுன்: கால் தயாரா?

அடிபட்ட அன்று எக்ஸ்ரே எடுக்காமல் விட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த விதிகளை இன்றும் உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியையோ பின் விளிம்பையோ அழுத்தினால் வலிப்பது, பாதத்தின் வெளி விளிம்பின் நடுவில் சுண்டு விரல் எலும்பு தொடங்கும் இடத்திலோ உள் விளிம்பின் மேட்டிலோ அழுத்தினால் வலிப்பது, நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு முறிவைச் சந்தேகித்துப் படம் எடுக்க வேண்டும் என்பதே அவற்றின் சாரம். இந்த வலிகளில் ஏதேனும் இன்னும் இருந்தால், இக்கட்டுரையை மூடி வைத்துவிட்டு எலும்பு மருத்துவரிடம் போவதே சரி.

நம் பக்கத்தில் சுளுக்கு என்றதும் நல்லெண்ணெயைக் காய்ச்சி வழித்துவிட ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். முதுகுப் பிடிப்புக்கு அது இதமாக இருக்கலாம். ஜவ்வு கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் முதல் சில நாட்களில் சூட்டையும் அழுத்தத்தையும் கொடுத்தால் வீக்கம் கூடத்தான் செய்யும்.

எலும்பு பற்றிய ஐயம் இல்லையென்றால் வீட்டிலேயே மூன்று சோதனைகளைச் செய்து பாருங்கள். முதலாவதாக, சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலைச் சுவரில் தொட வைக்க வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், கட்டை விரலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் மூட்டு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது. இரண்டாவதாக, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். நல்ல காலை விட அடிபட்ட கால் வெகு சீக்கிரம் தடுமாறினால், கணுக்காலின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வு இன்னும் திரும்பவில்லை என்று பொருள். மூன்றாவதாக, அதே காலில் பத்து முறை குதித்து, வலியோ பயமோ வருகிறதா என்று கவனியுங்கள். பயத்தையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: உயரமான ஷூ அணிந்தும் கால் வெளிப்புறமாக மடங்குகிறது

எனக்கு நேர்ந்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கால் மடங்குவது கணுக்காலில் தெரிந்தாலும் அது தொடங்கும் இடம் சோலின் வெளி விளிம்பு. உடல் எடை அந்த விளிம்பைத் தாண்டிப் போய்விட்டால் ஷூவோடு சேர்ந்தே பாதம் கவிழ்கிறது. அந்த வேகத்தில் இறங்கும் உடலின் சுமையை, துணியாலும் பஞ்சாலும் ஆன ஒரு கழுத்துப் பட்டை தடுத்து நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. காலின் வெளிப்புறத் தசைகள் சுதாரித்து இழுப்பதற்கு முன்பே மடக்கம் முடிந்துவிடுகிறது. 1993-இல் அமெரிக்காவில் 622 கல்லூரி ஆட்டக்காரர்களைப் பிரித்து உயரமான ஷூவையும் தாழ்ந்த ஷூவையும் அணிவித்து ஒரு பருவம் முழுக்கக் கவனித்த ஆய்வில், சுளுக்கு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2008 இறுதியில், கால்பந்து வீரர்களின் ஷூவைப் பார்த்துத் தமக்கும் தாழ்ந்த கழுத்துள்ள ஷூ வேண்டும் என்று கேட்டு வாங்கி அணிந்து ஆடத் தொடங்கிய பிறகு, உலகின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அதே வழிக்கு வந்துவிட்டார்கள்.

அப்படியானால் உயரக் கழுத்தால் பயனே இல்லையா என்றால், சிறிது உண்டு என்றே சொல்வேன். தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் பட்டை, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அந்த உணர்வுக்காக வாங்குங்கள், பாதுகாப்புக்காக வாங்காதீர்கள்.

கடையில் பார்க்க வேண்டியது வேறு. ஷூவைக் கண்ணாடி மேசை மீது வைத்து, பின்பக்கமிருந்து கண்ணுக்கு நேராகக் குனிந்து பாருங்கள். குதிகால் உட்காரும் கிண்ணத்தை விட அடியிலுள்ள சோல் இரு புறமும் அகலமாக விரிந்திருக்கிறதா, அல்லது கீழே போகப் போகக் குறுகுகிறதா? பிறகு ஷூவின் கழுத்தருகே ஒரு விரலை வைத்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். தடித்த, குறுகிய சோல் கொண்ட ஷூ உள் விளிம்பு தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். தாழ்வான, அகன்ற சோல் கொண்டது சாயாமல் மேசை மீது நகர்ந்து போகும். நகர்வதை வாங்குங்கள். கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார், பார்க்கட்டும்.

முன்பாதத்தின் வெளிப்புறத்தில், சுண்டு விரலுக்குச் சற்றுப் பின்னால், சோல் ஒரு சிறு திண்ணை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டிக்கு முட்டுக்கொடுத்தது போல அது பாதம் கவிழாமல் தாங்கும். சுளுக்கு வாங்கிய காலுக்கு நான் இதை முதல் தகுதியாகவே வைப்பேன்.

குதிகாலடியில் காற்றுப்பை வைத்த ஷூக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடையே நடந்து 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பே கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்காகவும், குதிகாலில் காற்றறை உள்ள ஷூ அணிந்தவர்களுக்கு 4.3 மடங்காகவும் இருந்தது. ஷூக்களின் வடிவமைப்பு அதற்குப் பிறகு வெகுவாக மாறிவிட்டதால் இந்த எண்ணை இன்றைய ஷூவுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும், இரண்டு காரணங்களும் ஒரே காலில் சேர்வதை நான் விரும்ப மாட்டேன். குதிகாலடியில் கட்டை விரலால் அழுத்தும்போது பஞ்சு மெத்தை போல அமுங்கும் ஷூ, முதல் ஆறு மாதத்துக்காவது உங்களுக்கு வேண்டாம்.

அறிகுறி: குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது

வேகமாக ஓடி நிற்கும்போது பாதம் ஒரு கணம் தாமதமாக நிற்பது போல் தோன்றுவதும், ஆட்டம் முடிந்து சாக்ஸைக் கழற்றினால் குதிகாலின் பின்புறம் சிவந்திருப்பதும் இதன் அடையாளங்கள்.

பெரும்பாலும் லேஸ்தான் காரணம். நம்மில் பலர் கடைசித் துளையை விட்டுவிட்டு, முடிச்சை அவிழ்க்காமலே காலை நுழைத்துக் கழற்றுகிறோம். சுளுக்கு ஆன காலுக்கு அந்தச் சோம்பல் ஆகாது. மேலே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு துளைகள் இருக்கும் ஷூக்களில், லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாமல், அதே பக்கத்தின் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே நுழைத்து ஒரு சிறு வளையம் விடுங்கள். மறுபக்கமும் அப்படியே செய்யுங்கள். பிறகு வலப்பக்க லேஸை இடப்பக்க வளையத்துக்குள்ளும், இடப்பக்க லேஸை வலப்பக்க வளையத்துக்குள்ளும் விட்டு, மேல்நோக்கி இழுக்காமல் பின்னும் கீழுமாக, குதிகாலைப் பார்த்து இழுத்து முடியுங்கள். முடியும்போது குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, பின்சுவரோடு ஒட்ட வைத்துக்கொண்டு இழுத்தால்தான் பிடி கிடைக்கும். விரல் நுனியை ஊன்றியபடி இழுத்தால் குதிகால் முன்னால் நகர்ந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். இதை நான் ஒரு பள்ளி மாணவனுக்குச் சொல்லிக் கொடுத்தபோது, புது ஷூ வாங்கித் தரும்படி வீட்டில் கேட்டிருந்த அவன், வாங்கவே இல்லை.

இதன் பிறகும் ஏறி இறங்கினால் அளவைச் சந்தேகியுங்கள். பாதம் பகலில் நின்றும் நடந்தும் சற்று விரிந்துவிடும் என்பதால் மாலையில் வாங்குவதே நல்லது. மதுரை வெயிலில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருந்தால் போதும். பெட்டியிலுள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள்: ஆண்களுக்கான யுகே 8 என்பது நைக்கியில் யுஎஸ் 9, அடிடாஸில் யுஎஸ் 8.5. சென்டிமீட்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணை ஒப்பிடுவதுதான் குழப்பமில்லாத வழி. வீட்டில் ஒரு தாளைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, குதிகாலைச் சுவரில் வைத்து நின்று, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்துகொண்டு போங்கள். இரண்டு பாதங்களையும் அளக்க வேண்டும். அடிபட்ட பாதம் பல மாதங்களுக்குச் சற்றுத் தடித்தே இருக்கக்கூடும்.

பின்சுவரையும் சோதியுங்கள். குதிகாலைச் சூழும் பகுதியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே வைத்துப் பிழியும்போது அது எளிதில் மடிந்தால், உள்ளே தாங்கும் தகடு இல்லை அல்லது மெலிதாக இருக்கிறது. அத்தகைய ஷூவில் லேஸை எப்படிக் கட்டினாலும் பிடி நிற்காது.

அறிகுறி: பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது பாதம் சோலைத் தாண்டி வழிகிறது

டிஃபென்ஸில், அதாவது எதிராளியைத் தடுத்து ஆடுகையில், பக்கவாட்டாக நகரும்போது ஷூ தரையில் நிற்க, பாதம் மட்டும் உள்ளே சறுக்கிச் சுண்டு விரல் பக்கத்துச் சுவரை முட்டுவது இது. மேல்பகுதி மிக மெல்லிய வலைத்துணியாக இருந்து, வெளிப்புறத்தில் அதை இழுத்துப் பிடிக்கும் பட்டையோ கெட்டியான ஒட்டுத் தகடோ இல்லாமல் இருந்தால் இப்படி ஆகும். பாதம் அகலமாக இருந்து ஷூ குறுகலாக இருந்தாலும் இதே அறிகுறிதான். ஏனெனில் பாதம் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் விளிம்பின் மேல் ஏறி நிற்கிறது.

எது காரணம் என்று கண்டறிய இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதத்தின் சதை இருபுறமும் இன்சோலைத் தாண்டி வழிந்தால் ஷூ குறுகல். வெறுங்காலோடு நடந்தே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலமாகவும் குதிகால் ஒடுங்கியும் இருக்கும். இவர்கள் நீளத்தில் ஓர் அளவு கூட்டி அகலத்தைச் சமாளிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் குதிகால் தளர்ந்து மேலே சொன்ன சிக்கலில் போய் முடியும். அகலப் பதிப்பு உள்ள மாதிரியைத் தேடுங்கள். அல்லது லேஸை முன்பகுதியில் ஒரு துளை விட்டுத் தளர்வாகவும் மேலே இறுக்கமாகவும் கட்டிப் பாருங்கள்.

அறிகுறி: ஷூ தரையில் வழுக்குகிறது, அல்லது திடீரென்று பிடித்துக்கொள்கிறது

பெட்டியின் மீது எழுதியிருக்கும் புகழ்ச்சிகளில் பெரும்பகுதி மரத்தரை அரங்குகளுக்கானது. நாம் ஆடுவதோ பள்ளி, கல்லூரி மைதானங்களில் வெட்டவெளியில் கிடக்கும் சிமெண்டுத் தரையில். ஆடி மாதக் காற்றில் பக்கத்து மண் மைதானத்திலிருந்து வந்து படியும் புழுதி, மாவு சலித்துப் போட்டது போலத் தரை முழுக்க இருக்கும். அடுத்த கோர்ட் வண்ணம் பூசியதாக இருக்கும்; காலையில் பனி ஈரத்தில் அது கண்ணாடி.

வழுக்கினால் முதலில் தரையைப் பெருக்குங்கள். இரண்டு பேர் ஐந்து நிமிடம் தென்னை விளக்குமாற்றால் பெருக்கினால் தீருகிற விஷயத்துக்கு நாம் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். அடுத்து, சோலைப் பாருங்கள். சோலின் பள்ளங்கள் நெருக்கமாகவும் ஆழமில்லாமலும் இருந்தால் புழுதி அவற்றில் அடைந்து, பத்து நிமிடத்தில் சோல் வழவழப்பாகிவிடும். மீன் முள் போன்ற அடுக்கு வரிகள் அகலமாகவும் ஆழமாகவும் உள்ள கெட்டியான ரப்பர் நம் தரைக்கு ஏற்றது. ஒளி ஊடுருவும் பளபளப்பான ரப்பர் பார்க்க அழகாக இருக்கும். பொதுவாகப் புழுதியை ஈர்த்துக்கொள்ளும். ரப்பர் கெட்டியா என்று தெரிந்துகொள்ள நகத்தால் அழுத்திப் பாருங்கள்: தடம் நின்றால் மென்மை, சிமெண்டில் ஒரு கோடைகூடத் தாங்காது.

சுளுக்கு ஆறிய காலுக்கு வழுக்குவதை விட ஆபத்தானது எதிர்ச்சிக்கல். புது ஷூவின் கூரிய விளிம்புகள் சொரசொரப்பான சிமெண்டில் சட்டென்று பிடித்துக்கொள்ள, மேலே உடல் தொடர்ந்து போகிறது. நடுவில் அகப்படுவது கணுக்கால். என்னுடைய இரண்டாவது மடக்கத்தில் இதற்கும் பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன். ஆகவே புது ஷூவை ஆட்டத்துக்கு நேராகக் கொண்டு போகாதீர்கள். நான்கைந்து நாள் நடக்கவும், ஷூட்டிங் மட்டும் பழகவும் அணிந்து, விளிம்புகள் சற்றுத் தேய்ந்த பிறகு டிஃபென்ஸுக்கு இறங்குங்கள். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்கப் போகிறவர்கள், ஆட்டக்காரர்கள் இடைவேளைக்குப் பின் கோர்ட்டுக்குள் வந்ததும் உள்ளங்கையால் சோலைத் துடைத்துக்கொள்வதைக் கவனித்திருப்பார்கள். ஈரத்துணி ஒன்றைக் கோட்டுக்கு வெளியே போட்டு வைத்தால் நமக்கும் அது போதும்.

அறிகுறி: ஆங்கிள் கார்டு போட்டால் ஷூ பத்தவில்லை, விரல்கள் மரத்துப்போகின்றன

"அண்ணே, கார்டோட போட்டா ஷூ பத்தலண்ணே, அதான் கழட்டி வச்சுட்டேன்" என்று ஒரு தம்பி சொன்னான். கழற்ற வேண்டியது கார்டு இல்லை, தம்பி.

ஏனென்றால் உயரக் கழுத்து செய்யும் என்று நாம் நம்பும் வேலையை உண்மையில் செய்வது கார்டுதான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,460 உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வில், லேஸ் கட்டும் வகைக் கார்டு அணிந்தவர்களுக்குக் கணுக்கால் காயம், அணியாதவர்களுடன் ஒப்பிட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீபன் கறி 2011-இலும் 2012-இலும் கணுக்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்; அதன் பிறகு இத்தனை பட்டங்கள் வென்றும் கார்டைக் கைவிடவில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் இழுவைத் துணி உறையை இதோடு சேர்த்து எண்ணாதீர்கள். அது வெதுவெதுப்பைத் தருமே ஒழிய மடக்கத்தைத் தடுக்காது. கிரேப் பேண்டேஜ் வீக்கத்துக்கானது, ஆட்டத்துக்கானதன்று. ஒட்டும் டேப் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வியர்வையிலும் அசைவிலும் பாதி ஆட்டத்துக்குள் தளர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் கட்டத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் கார்டு வாங்குங்கள், பிறகு அதையும் ஆட்டத்துக்கு அணியும் சாக்ஸையும் பையில் போட்டுக்கொண்டு ஷூக் கடைக்குப் போங்கள். சாக்ஸ், அதன் மேல் கார்டு, அதன் மேல் ஷூ என்று அணிந்து, ஷூவை நின்று பாருங்கள், உட்கார்ந்து பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அரை அளவு கூடுதல் போதுமானது. ஏற்கெனவே உள்ள ஷூவில் இடம் போதவில்லையென்றால், கம்பெனி இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதாக ஒன்றைப் போட்டால் சில மில்லிமீட்டர் கிடைக்கும். உயரக் கழுத்து ஷூவுக்குள் கார்டை அடைத்து அவதிப்படுவதை விட, நடுத்தர உயரமோ தாழ்ந்த கழுத்தோ உள்ள ஷூவோடு கார்டு அணிவது வசதியானது என்பது என் அனுபவம். விரல்கள் மரத்துப்போனால் பாதத்தின் மேல்பகுதியில் லேஸ் நரம்பை அழுத்துகிறது என்று பொருள். அந்த ஒரு குறுக்குக் கட்டை மட்டும் விட்டுவிட்டு லேஸை நேராக மேலே கொண்டுபோங்கள்.

சாக்ஸ் இரண்டு ஜோடி அணிந்து இடைவெளியை நிரப்பும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு துணிகளும் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கும்.

அறிகுறி: குனிந்து நிற்கும்போது கணுக்காலின் முன்பக்கம் பிடிக்கிறது

சுவர்ச் சோதனையில் தோற்றவர்களுக்கு இது வரும். மூட்டு முன்புறம் மடிய மறுக்கிறது. கெட்டியான உயரக் கழுத்து அதை இன்னும் தடுக்கிறது. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்து, மேல் துளையை விட்டு லேஸ் கட்டிப் பாருங்கள். மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும்.

அறிகுறி: ஆடும்போது ஒன்றுமில்லை, இரவில் வீங்குகிறது

ஷூவின் மேல் பழி போடாதீர்கள். காலுக்குக் கொடுத்த வேலை அதிகம். ஆடிய நேரத்தைப் பாதியாக்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆடுங்கள். மறுநாள் காலை எழுந்து முதல் அடி வைக்கும்போது விறைப்பு இல்லாவிட்டால் மட்டும் அடுத்த வாரம் பத்து நிமிடம் கூட்டுங்கள்.

அறிகுறி: சமதரையில் நடக்கும்போதுகூடக் கால் நழுவுவது போல் இருக்கிறது

மாசி வீதியில் பேசிக்கொண்டே நடக்கும்போது ஒரு சின்னக் கல்லில் கால் பட்டு, விழாமல் தப்பித்து, நெஞ்சு ஒரு கணம் பதறுவது இந்த வகை. எத்தனை விலை கொடுத்து வாங்கும் ஷூவும் இதைச் சரிசெய்யாது. ஜவ்வு கிழிந்தபோது அதிலிருந்த உணர்வு நரம்பு முனைகளும் சேதமாகின்றன. வெளிப்புறத் தசைகள் தாமதமாக விழித்துக்கொள்கின்றன. இவற்றைப் பயிற்சியால்தான் மீட்க முடியும்.

ஒற்றைக் காலில் நிற்பதில் தொடங்குங்கள். பல் துலக்கும் நேரம் போதும். அது எளிதானதும் கண்ணை மூடியும், பிறகு நான்காக மடித்த ஜமுக்காளத்தின் மீதும், பிறகு சுவரில் பந்தை எறிந்து பிடித்துக்கொண்டும் நில்லுங்கள். வெறுங்காலோடு செய்வது நல்லது. பாதம் தரையை நேரடியாக உணர வேண்டும். 765 பள்ளி ஆட்டக்காரர்களிடம் நடந்து 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய சமநிலைப் பயிற்சி கணுக்கால் சுளுக்கை 38 சதவீதம் குறைத்தது. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நழுவல் குறையவில்லையென்றால், ஜவ்வு முழுதாக அறுந்து தளர்ந்திருக்கிறதா என்று மருத்துவர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: பழைய ஷூ சரியாகத்தான் இருந்தது, இப்போது சாய்கிறது

அடிபடும் முன் அணிந்த ஷூவைத் தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருப்போம். அதைச் சமதளத்தில் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகாலின் வெளி விளிம்பு தேய்ந்து ஷூ வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தால், ஒவ்வோர் அடியிலும் அது உங்கள் காலை மடங்கும் திசைக்கே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை நடைக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

சோல் வாய் பிளக்கத் தொடங்கிய ஷூவைச் சுற்றிலும் தைத்து வாங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தட்டையான ரப்பர் சோலாக இருந்தால் தாராளமாகத் தைக்கலாம். நூல் தரையில் உரசாதபடி, சோலில் ஒரு சிறு பள்ளம் கீறி அதற்குள் தைக்கச் சொல்லுங்கள். காற்றுப்பை வைத்த ஷூவாக இருந்தால் ஊசி அதைத் துளைத்துவிடும், பசைதான் ஒரே வழி. வாய் பிளப்பதற்குப் பாதிக் காரணம் சூடு. ஆட்டம் முடிந்ததும் ஷூவை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் போட்டு வெயிலில் நிறுத்தாமல், லேஸைத் தளர்த்தி, இன்சோலை உருவி, நிழலில் காற்றாட வையுங்கள்.

அறிகுறி: ஓராண்டு ஆயிற்று, வலியில்லை, கார்டைக் கழற்றப் பயமாக இருக்கிறது

கழற்றித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. கார்டு அணிவதால் தசை பலவீனமாகிவிடும் என்று கோர்ட்டில் பலர் சொல்வதை நான் பொருட்படுத்துவதில்லை. சமநிலைப் பயிற்சி தொடரும்வரை அந்தக் கவலைக்கு இடமில்லை. கழற்ற விரும்பினால் படிப்படியாகச் செய்யுங்கள். தனியாக ஷூட்டிங் பழகும்போது இரண்டு வாரம், லே-அப்பும் (கூடையருகே ஓடிவந்து எழும்பிப் பந்தைப் போடுவது) ஓட்டமும் சேர்த்து இரண்டு வாரம், ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது இரண்டு வாரம் என்று கார்டு இல்லாமல் ஆடிப் பாருங்கள். போர்டுக்கு அடியில் பத்துப் பேர் முட்டி மோதும் முழு ஆட்டத்துக்குக் கடைசியாக வாருங்கள், ஏனெனில் அடுத்தவர் பாதத்தின் மீது இறங்கும் விபத்து அங்கேதான் நடக்கிறது. நான் அந்தக் கடைசிப் படிக்கு இன்னும் வரவில்லை. முழு ஆட்டம் என்றால் இடது காலில் கார்டு, தாழ்ந்த கழுத்தும் அகன்ற சோலும் உள்ள ஷூ, மேல் துளையில் வளையம் போட்ட லேஸ்.